வீட்டுக்கு வந்த இரண்டாம் பாகம்

அத்தியாயம் பதினொன்று

5 மார்ச் 1958, புதன்.

நேற்று எழுதியதில் ஒரு தவறு இருக்கிறது. 'படத்தின் இரண்டு டின்களும் சரிபார்க்கப்பட்டன' என்று எழுதியிருக்கிறேன். மூடிகளின் மேல் ஒட்டியிருந்த எண்களை மட்டும்தான் பார்த்தேன். மூடியைத் திறந்து, சுருளின் முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவில்லை. அப்படிப் பார்த்தால்தான் சரிபார்த்ததாக அர்த்தம். இன்று மாலைக்குள் பார்த்துவிட வேண்டும்.

சந்திரமதி பேனாவை மூடி வைத்தாள். கடைசி வரியின் கீழே கோடு போடலாமா என்று யோசித்தாள். போட்டால் பெரிய குற்றம் செய்ததுபோல் இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

மலாக்காவின் தெங்கேராவில் வாரம் இரண்டு மாலை ஆங்கில வகுப்பு. தினமும் நாலு வரி ஏதாவது எழுதி வாருங்கள், கை பழக வேண்டும் என்று வாத்தியார் சொல்லி இரண்டு மாதம் ஆகிறது. கூடப் படிக்கிறவர்கள் ஒரே வாரத்தில் விட்டுவிட்டார்கள். இவளால் விட முடியவில்லை. எழுதுவது போதாதென்று மறுநாள் காலையில் அதைத் திருப்பிப் படித்துத் திருத்தவும் செய்கிறாள்.

டின்கள் அண்ணன் கருணாகரனுடைய தொழிலைச் சேர்ந்தவை. பகலில் பஸ் பட்டறையில் எஞ்சின் கழற்றுகிற கருணாகரன், மாலையானால் ஒரு சின்னப் புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் படம் காட்டுவான். ஆங்கிலப் படமானால் திரைக்குப் பக்கத்தில் நின்று தமிழில் கதை சொல்வது சந்திரமதியின் வேலை.

இந்த முறை வந்திருப்பது பேய்ப் படம். அதன் முதல் பாகம் போன வருஷம் டவுனில் ஓடியபோது இவர்கள் குடியிருக்கும் காஜா பெராங்கே திரண்டு போய்ப் பார்த்தது. ஒரு பெண்ணின் உடம்பில் பிசாசு புகுந்துகொள்ளும்; கறுப்பு அங்கி போட்ட கிழவர் ஒருவர் அதை விரட்டுவார். பிசாசு திரும்பி வருகிற இரண்டாம் பாகம் மலாக்காத் தியேட்டர்களுக்கு வரவே இல்லை. வீடுகளில் காட்டுவதற்கென்று சுருக்கிய பிரதியாக, இரண்டு டின்களில், கோலாலம்பூர் பஸ்ஸின் கூரையில் ஏறி வந்து இறங்கியது. சனிக்கிழமை உஜோங் பாசிரில் ஒரு கல்யாண வீட்டில் காட்ட வேண்டும். காசு வாங்கிக் காட்டும் வீட்டுக்குப் போகுமுன் எந்தப் படத்தையும் சொந்த வீட்டு முற்றத்தில் ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பது கருணாகரனின் வழக்கம். அது இன்று மாலை.

இந்த வீட்டு முற்றத்தில் பேய்ப் படமா என்று அக்கம்பக்கத்தார் கேட்கத்தான் செய்தார்கள். காரணம் இருந்தது.

கருணாகரனின் மனைவி பாக்கியலட்சுமி போன ஆடியில் ஒரு ஆண் குழந்தையை இறந்த நிலையில் பெற்றாள். அதன்பின் அவளைப் பேய் பிடித்தது என்பது வீட்டார் முடிவு. புக்கிட் பாருவுக்கு அப்பால் இருக்கும் ஒரு பூசாரியை வரவழைத்து, வேப்பிலையும் சாட்டையும் மிளகாய்ப் புகையுமாக அதை விரட்டினார்கள். ஐந்தாறு மாதம் அடங்கிக் கிடந்தாள். இப்போது மறுபடியும் கிணற்றடியில் தனியாகப் பேசுகிறாள். போன ஞாயிற்றுக்கிழமை சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்து தானாகச் சிரித்தாள்.

அதைப் பார்த்த மாமியார் சாரதாம்பாள் திங்கட்கிழமையே பூசாரிக்கு ஆள் அனுப்பிவிட்டாள். வெள்ளிக்கிழமை வருகிறேன் என்று பதில் வந்துவிட்டது.

* * *

"மதி, பசாருக்குப் போயிட்டு வா. எலுமிச்சம்பழம் நல்லாப் பழுத்ததாப் பார்த்து வாங்கு. கற்பூரம். புதுப் பனையோலை விசிறி ஒண்ணு."

"விசிறி எதுக்கும்மா?"

"புகை போட வேணாமா?"

சந்திரமதி பையை எடுத்தாள். எடுத்தவள் நகரவில்லை.

"அம்மா, அண்ணி சும்மாதானே இருக்காங்க. யாரையும் ஒண்ணும் பண்ணலையே."

சாரதாம்பாள் முறத்தைக் கீழே வைத்தாள். "போன தடவையும் சும்மாதான் இருக்கான்னு விட்டோம். அப்புறம் ராத்திரி ராத்திரியாக் கத்தினாளே, மறந்துட்டியா? அடுத்த வீட்டு நூர்ஜஹான் ஆளுங்க விளக்கைப் போட்டுக்கிட்டு ஓடி வரல? கத்தினதாலதானே பூசாரியைக் கூப்பிட்டோம்."

சந்திரமதிக்கும் அப்படித்தான் ஞாபகம். அண்ணி கத்தினாள், பூசாரி வந்தார். வீட்டில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். அப்போது டைரி எழுதும் பழக்கமும் இவளுக்குக் கிடையாது.

"இந்தத் தடவை கத்துற வரைக்கும் காத்திருக்க முடியாது. பூசாரி போகும்போது என்ன சொன்னாரு? திரும்பி வந்தா அது அவளோட நிக்காது, இந்த வீட்டுல கல்யாணமாகாத பொண்ணு இருக்குல்ல, அதைத் தேடும்னு சொன்னாரா இல்லையா?"

"சொன்னாரு."

"அந்தப் பொண்ணு யாரு? பக்கத்து வீட்டுப் பூனையா?"

சொல்லும்போது அம்மாவின் கை இவள் முந்தானை நுனியைப் பிடித்திருந்தது. பிடித்திருப்பது அவளுக்கே தெரியவில்லை. மருமகள்மேல் அம்மாவுக்குக் கோபமில்லை என்று சந்திரமதிக்குத் தெரியும். மகளைப் பற்றிய பயம்தான் இவ்வளவும். 'என்னால்தான் அண்ணிக்கு அடி' என்று ஒரு நினைப்பு வந்தது. அது சரியான நினைப்பா, வீண் நினைப்பா என்று தீர்மானிக்க முடியாமல் பசாருக்குப் போய் வந்தாள்.

திரும்பி வந்தபோது பாக்கியலட்சுமி கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். உதடு அசைந்துகொண்டிருந்தது.

சந்திரமதி வேண்டுமென்றே வாளியைச் சத்தமாக வைத்தாள். பாக்கியலட்சுமி திரும்பிப் பார்த்தாள். ஒளிக்க எதுவும் இல்லாதவள்போல் கேட்டாள்:

"மதி, எட்டு மாசத்துப் பிள்ளை உட்காருமா?"

"உட்காரும்னு நெனைக்கிறேன் அண்ணி. எனக்குச் சரியாத் தெரியல."

"உட்காரும். நூர்ஜஹான் மாமி பேரன் ஏழுலயே உட்கார்ந்துட்டான். உட்கார வச்சா ஒரு பக்கமா சாய்வான். தலகாணி வைக்கணும்." வேட்டியைப் பிழிந்து உதறினாள். "ஞாயித்துக்கிழமை சாப்பிடும்போது அது நெனப்பு வந்துச்சு. நம்ம பையன் இருந்திருந்தா, சாய்ஞ்சு சோத்துத் தட்டுல மூஞ்சியை வச்சிருப்பான்ல? சிரிப்பு வந்துருச்சு."

சந்திரமதி கையிலிருந்த பசார்ப் பையைப் பாக்கியலட்சுமி பார்த்தாள்.

"அத்தை எலுமிச்சம்பழம் வாங்கச் சொன்னாங்களா?"

"ஆமா."

"பழுத்ததா, காயா?"

"பழுத்தது."

"பழுத்ததுன்னா பூசைக்குத்தான். அப்போ வெள்ளிக்கிழமைதான்." பாக்கியலட்சுமி கொடியில் வேட்டியைப் போட்டு, நுனிகளை இழுத்து நேராக்கினாள். "கண்ணுல புகை போகாம ஈரத்துணி வச்சுக்கலாமான்னு கேட்டுச் சொல்றியா? போன தடவை ரெண்டு நாள் கண்ணு திறக்கல. அடி பரவால்ல."

அவள் அழவில்லை. அதுதான் சந்திரமதிக்குத் தாங்கவில்லை.

* * *

மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்த கருணாகரனிடம் சந்திரமதி இரண்டு விஷயம் பேச நினைத்தாள். ஒன்று அண்ணி. மற்றது டின்கள். சூடு படாமல் இருக்க அவன் டின்களை அலமாரியில் பூட்டி, சாவியை இடுப்பிலேயே வைத்துக்கொள்வான்.

சின்னதில் தொடங்குவோம் என்று டின்னில் தொடங்கினாள்.

"அண்ணே, அலமாரிச் சாவி கொஞ்சம் வேணும். டின்னைத் திறந்து பார்க்கணும்."

"நேத்து சரிபார்த்துட்டேன்னு சொன்னியே?"

இல்லை என்று சொல்ல வேண்டும். காலையில் டைரியில் எழுதியாகிவிட்டது. காகிதத்திடம் ஒப்புக்கொண்டது அண்ணன் முகத்தைப் பார்த்ததும் வாயில் வரவில்லை.

"பார்த்தேன். இன்னொரு தடவை பார்க்கலாம்னு..."

"ஒரு தடவை பார்த்தா உனக்குப் போதாது. பூட்டைப் பூட்டிட்டு நாலு தடவை இழுத்துப் பார்க்கிற ஆளுதானே நீ?" சிரித்துக்கொண்டே ரசத்தை ஊற்றிக்கொண்டான். "சும்மா இருலா, டின்னைத் திறந்து திறந்து தூசியாக்காதே."

பெரியதைப் பேச அவளுக்குத் தைரியம் மிஞ்சவில்லை. ஆனாலும் அவன் கை கழுவும்போது கேட்டாள்.

"வெள்ளிக்கிழமை நீங்க வீட்டுல இருப்பீங்களா அண்ணே?"

கருணாகரன் ஈரக் கையைத் துடைக்காமலே நின்றான். "போன தடவை இருந்தேனே. வாசல்ல."

"உள்ள?"

"உள்ள என்னால நிக்க முடியல, மதி." சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பட்டறைக்குப் போய்விட்டான். சாவியும் அவனோடு போனது.

* * *

பொழுது சாய்ந்ததும் முற்றத்தில் வெள்ளை வேட்டி இரண்டைச் சேர்த்துத் தைத்த திரை ஏறியது. மஃரிப் தொழுதுவிட்டு நூர்ஜஹான் மாமி பாயும் வெற்றிலைப் பெட்டியுமாக வந்து, முன்வரிசையில் இடம் போட்டாள். பின்னாலேயே வரிசை வீட்டுப் பெண்கள் வந்தார்கள்.

"சாரதாக்கா, முதல் பாகம் பார்த்துட்டு என் வீட்டுக்காரரு ஒரு வாரம் தனியா கக்கூசுக்குப் போகல. நான் விளக்கு பிடிச்சுக்கிட்டு வாசல்ல நின்னேன். இது அதைவிடப் பயமா?"

"எனக்கென்ன தெரியும்? என் பிள்ளைக்கு இதுதான் பொழப்பு. ஓட்டறான்." சாரதாம்பாள் உள்ளறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கதவு திறந்தது.

பாக்கியலட்சுமி தலையை வாரிப் பின்னி, கையில் ஒரு பலகையோடு வந்தாள். பெண்கள் பேச்சு நின்றது.

"நீ உள்ள இரு பாக்கியம். இந்தப் படம் உனக்கு ஆகாது."

"பார்க்கிறேன் அத்தை."

"சொன்னாக் கேளு."

"பார்க்கட்டுமே சாரதாக்கா," என்றாள் நூர்ஜஹான் மாமி. "அந்தப் படத்துல வர்ற மூஞ்சியைப் பார்த்துட்டு இங்க இருக்கிறது பயந்து ஓடினாலும் ஓடிரும். பூசாரிக்கு வேலை மிச்சம்."

இரண்டு பேர் சிரித்தார்கள். பாக்கியலட்சுமியும் லேசாகச் சிரித்தாள். அதைப் பார்த்துச் சிரித்தவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். அவள் பாய்க்கு வெளியே ஓரமாகப் பலகையைப் போட்டு உட்கார்ந்தாள்.

கருணாகரன் அப்போதுதான் பட்டறையிலிருந்து வந்து, அலமாரியைத் திறந்து, ஒன்று என்று எண் ஒட்டிய டின்னை எடுத்தான். திறந்து பார்க்க நேரமில்லை. விளக்கு அணைந்தது. புரொஜெக்டர் கடகடவென்று ஓடத் தொடங்கியது.

திரையில் படத்தின் பெயர் வரவில்லை. நேரே ஒரு ஜன்னல் வந்தது; அதன் பக்கத்தில் ஒரு பெண்.

"பேரைக் காணோமே அண்ணே?"

"வீட்டுப் பிரதியில வெட்டியிருப்பான். நீ சொல்லு."

சந்திரமதி கையில் ஒரு கதைச் சுருக்கம் இருந்தது. வாடகைக் கம்பெனி அனுப்பிய ஆங்கிலச் சுருக்கம். நேற்று அகராதி வைத்துக்கொண்டு படித்தது. அதன்படி முதலில் கல்யாணம் நடக்க வேண்டும். திரையில் கல்யாணம் இல்லை. அந்தப் பெண் ஜன்னல் பக்கம் சும்மா உட்கார்ந்து மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தப்பாகப் புரிந்துகொண்டோம் என்றுதான் சந்திரமதிக்கு முதலில் தோன்றியது. எந்தக் கோளாறானாலும் அவளுக்கு முதலில் தோன்றுவது அதுதான். ஏதோ ஒரு சொல்லுக்கு அகராதியில் தவறான பொருளை எடுத்திருக்கிறோம். வகுப்பில் முன்வரிசையில் உட்காருவதில் பிரயோஜனமில்லை. தெரியாத கதையைச் சொல்வதைவிடக் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தாள்.

"ஒரு பொண்ணு ஜன்னலோரமா உட்கார்ந்திருக்கா," என்றாள். "மரத்தைப் பார்க்கிறா."

"அப்புறம்?"

"நாலு பேரு உள்ள வர்றாங்க. கூடவே கறுப்பு அங்கிக்காரர். அவ கையைப் பிடிக்கிறாங்க. அவ ஏன்னு கேட்கிறா."

திரையில் நாலு ஆண்கள் அந்தப் பெண்ணைத் தூக்கிக் கட்டிலில் போட்டுக் கட்டினார்கள். கறுப்பு அங்கிக்காரர் புத்தகத்தைத் திறந்தார். தண்ணீரைத் தெளித்தார். அவள் திமிறினாள். கட்டில் சட்டத்தில் இடித்து நெற்றி கிழிந்தது. கறுப்பு வெள்ளைப் படத்தில் ரத்தம் மைபோல் வழிந்தது.

"அடிக்கிறாங்க," என்றாள் சந்திரமதி. அவள் குரல் சற்று இறங்கியிருந்தது. "இன்னொருத்தி அவ காலைப் பிடிச்சுக்கிறா. வயசானவ. அம்மாவா இருக்கலாம்."

முற்றத்தில் யாரும் பாக்கு மெல்லவில்லை.

அப்போது ஓரத்துப் பலகையிலிருந்து பாக்கியலட்சுமியின் குரல் வந்தது. மெல்லிய, சாதாரணக் குரல்.

"அதுக்கு ஒண்ணுமே இல்லையே. சும்மாத்தானே உட்கார்ந்திருந்துச்சு. எதுக்கு அடிக்கிறாங்க?"

திரையின் வெளிச்சம் அம்மாவின் முகத்தில் அடிப்பதைச் சந்திரமதி பார்த்தாள். சாரதாம்பாள் தன் இரண்டு உள்ளங்கைகளையும் மடியில் கவிழ்த்து வைத்திருந்தாள். போன வருஷம் அறைக்குள் பாக்கியலட்சுமியின் கால்களை அழுத்திப் பிடித்த கைகள் அவை.

நெற்றியில் கட்டோடு அந்தப் பெண் படுத்துக் கிடந்தாள். கண் திறந்திருந்தது. அசைவில்லை. கறுப்பு அங்கிக்காரர் புத்தகத்தை மூடினார். திரை முழுவதும் பெரிதாக ஆங்கில எழுத்துகள் வந்து நின்றன.

'முற்றும்' என்று.

சந்திரமதிக்கு அப்போதுதான் விளங்கியது. தவறு அகராதியிலும் இல்லை, ஆங்கிலத்திலும் இல்லை. இதற்கு முன்னால் படத்தை வாடகைக்கு எடுத்த வீட்டில் யாரோ மூடிகளை மாற்றிப் போட்டிருக்கிறார்கள். இரண்டாவது சுருள் முதலில் ஓடியிருக்கிறது. திறந்து பார்த்திருந்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்திருக்கும். கதைப்படி அந்தப் பெண்ணுக்குள் பிசாசு ஏற்கெனவே புகுந்திருக்க வேண்டும். ஜன்னல் பக்கம் அவள் அமைதியாக இருந்ததே பிசாசின் நடிப்பு.

விளக்கு எரிந்தது.

"என்ன மதி எழுதியிருக்கு?" என்றாள் நூர்ஜஹான் மாமி.

அந்த முற்றத்தில் அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி திரைக்குப் பக்கத்தில், ஒருவன் புரொஜெக்டருக்குப் பக்கத்தில்.

"டின் மாறியிருக்கு," என்று கருணாகரன் தணிந்த குரலில் சொன்னான். "சொல்லிடு."

சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அண்ணி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை என்கிற பார்வை. 'அவளுக்குள்ளே பேய் இருக்கு அண்ணி, உங்களுக்குத்தான் தெரியல' என்பதுதான் சரியான பதில்.

"இடைவேளைன்னு எழுதியிருக்கு மாமி," என்றாள் சந்திரமதி.

கருணாகரன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். பிறகு தன் மனைவியைப் பார்த்தான். அடுத்த டின்னைத் திறந்து, சுருளை மாட்டினான். இரண்டு தடவை படம் பல்சக்கரத்திலிருந்து நழுவியது.

இப்போது கல்யாணம் வந்தது. விருந்து வந்தது. புது வீட்டில் அந்தப் பெண் பாடிக்கொண்டே விளக்கேற்றினாள். பிறகு நிலைக்கண்ணாடியில் ஒரு நிழல் அசைந்தது. விளக்கு உடைந்தது; நாற்காலி பறந்தது. அவள் குரல் ஆண் குரலாக மாறி, கணவனின் கழுத்தைப் பிடித்து, கூரை அதிரக் கத்தினாள். கத்திக்கொண்டிருக்கும்போதே சுருள் தீர்ந்து திரை வெள்ளையானது.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"யா அல்லா!" நூர்ஜஹான் மாமி நெஞ்சில் கை வைத்தாள். "செவனேன்னு உட்கார்ந்திருந்த பொண்ணைக் கட்டிப் போட்டு அடிச்சானுங்க. வாங்கின அடிக்கு இப்ப வந்துருச்சு பார்த்தியா? வராம என்ன செய்யும்? என்னைக் கட்டிப் போட்டிருந்தா நான் இடைவேளைக்கு முன்னாடியே கத்தியிருப்பேன்."

"அந்த அங்கிக்காரனைக் கத்த விடணும்," என்றாள் இன்னொருத்தி.

"காலைப் பிடிச்சாளே ஒரு கிழவி, அவளை..." என்று தொடங்கிய மூன்றாமவள், யார் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்திருக்கிறோம் என்பது நினைவுக்கு வந்து, பாயைச் சுருட்டத் தொடங்கினாள்.

சாரதாம்பாள் எழுந்து உள்ளே போனாள்.

* * *

பெண்கள் போன பிறகு சந்திரமதி சமையலறைக்குப் போனாள். அம்மா எலுமிச்சம்பழங்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

நடந்த தவறைச் சொல்லாமல் விட்டால் அது தவறோடு நிற்காது என்று சந்திரமதிக்குத் தெரியும். ஒரு பொய்யைக் கொண்டு அம்மாவின் மனத்தைத் திருப்பினால் அது எத்தனை நாள் நிற்கும்? சனிக்கிழமை உஜோங் பாசிரில் படம் சரியாக ஓடும். யாராவது வந்து சொல்வார்கள். ஆனால் இப்போது உண்மையைச் சொன்னால் வெள்ளிக்கிழமை பூசாரி வருவார். ஈரத்துணி கேட்ட அண்ணியின் முகம் கண்ணுக்குள் வந்தது.

இருந்தாலும் சொன்னாள்.

"அம்மா, சுருள் மாறிப்போச்சு. பின்னால வர வேண்டியது முன்னால ஓடிருச்சு. கதைப்படி அந்தப் பொண்ணுக்கு முதல்லயே பேய் பிடிச்சிருச்சு. அப்புறம்தான் அடிக்கிறாங்க. இடைவேளைன்னு நான் சொன்னது பொய். தப்பு என்னோடது. நேத்தே டின்னைத் திறந்து பார்க்கல."

சாரதாம்பாள் பழத்தைத் துடைப்பதை நிறுத்தவில்லை.

"தெரியும்."

"எப்படிம்மா?"

"எனக்கு இங்கிலீஷ்தான் தெரியாது. கண்ணு தெரியும்ல? நெத்தியில இத்தனை பெரிய கட்டோட படுத்தவ, கல்யாணத்துல வரும்போது தழும்புகூட இல்லாம வர்றா. நூர்ஜஹானுக்குப் பேசத்தான் நேரம் இருக்கும், பார்க்க நேரமிருக்காது."

"அப்போ வெள்ளிக்கிழமை..."

"இரு. நான் வேற ஒண்ணு யோசிச்சுக்கிட்டிருக்கேன்." சாரதாம்பாள் கடைசிப் பழத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டாள். "மெர்டேக்கா அன்னிக்கு, சுதந்திரம் வந்துச்சுன்னு வாணம் விட்டாங்களே, பாக்கியம் எங்க இருந்தா?"

"இங்கதான். உங்ககூட."

"என்ன செஞ்சுக்கிட்டிருந்தா?"

சந்திரமதி யோசித்தாள். வாசலில் நின்று வானத்தைப் பார்த்தது, தெருவே கூச்சல் போட்டது, தண்ணீர் குடிக்க உள்ளே வந்தது. "வெங்காயம் உரிச்சுக்கிட்டிருந்தாங்க."

"வெங்காயம் உரிச்சுக்கிட்டிருந்தா. கண்ணுல தண்ணி வழிஞ்சுச்சு, வெங்காயமா வேறயான்னு நான் கேட்கல. ஊரே கத்திச்சு, அவ கத்தல. பூசாரி எப்ப வந்தாரு?"

"மெர்டேக்கா முடிஞ்சு... அந்த வெள்ளிக்கிழமை."

"ராத்திரியில கத்த ஆரம்பிச்சது?"

சந்திரமதிக்கு நினைவு வந்தது. கத்தல் கேட்டு நூர்ஜஹான் மாமி வீட்டார் ஓடி வந்தபோது, அண்ணியின் கண் புகையில் வீங்கி மூடியிருந்தது. அவளைக் கையைப் பிடித்து நடத்திப் போனது இவள்தான். இத்தனை நாளும் அதைத் தனியாக ஒரு பக்கம் வைத்திருந்தாள். எதற்குப் பின்னால் வந்தது என்று சேர்த்துப் பார்த்ததில்லை.

"அவரு போனப்புறம்மா."

"அவரு போனப்புறம்." சாரதாம்பாள் தலையை ஆட்டினாள். "கத்தினதாலதான் கூப்பிட்டோம்னு ஊரெல்லாம் சொன்னேன். சொல்லிச் சொல்லி நானே நம்பிட்டேன். உன் டின்னு மாறினது இன்னிக்கு. என்னோடது ஆறு மாசமா மாறிக் கிடக்கு."

அடுப்பில் பால் பொங்கிய சத்தம் கேட்டு இருவரும் திரும்பினார்கள். பாக்கியலட்சுமி எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. துணியால் பிடித்துப் பால் சட்டியை இறக்கினாள்.

சாரதாம்பாள் பழங்களை முந்தானையில் அள்ளி அவளிடம் நீட்டினாள். "இதை ஊறுகாய் போட்டுரு பாக்கியம்."

பாக்கியலட்சுமி பழங்களைப் பார்த்தாள். மாமியாரைப் பார்த்தாள். வாங்கிக்கொண்டாள்.

"உப்பு பத்தாது அத்தை. வாங்கணும்."

சந்திரமதி, "நான் வாங்கிட்டு வர்றேன் அண்ணி" என்றாள்.

* * *

கருணாகரன் முற்றத்தில் சுருளைத் திருப்பிச் சுற்றிக்கொண்டிருந்தான். பூசாரி வேண்டாம் என்று அம்மா வந்து சொன்னதும் கை நின்றது.

"அவரு சும்மா விடமாட்டாரும்மா. வர வேணாம்னா, அந்தப் பேச்சை எடுப்பாரு. மதியைத் தேடும்னு."

சாரதாம்பாள் முகத்தில் பழைய பயம் அப்படியே திரும்பி வந்தது. மகளைப் பார்த்தாள். அது போகவில்லை, எங்கேயும் போகாது போலிருந்தது.

"அதை நினைச்சா எனக்கு இன்னும் பயம்தான்டா. இல்லேன்னு சொல்லல. நான் போய் அவரு முன்னால நின்னா, ரெண்டு வார்த்தையில மடக்கிச் சரின்னு சொல்ல வச்சிருவாரு."

"நான் போகலாம்னா நாளைக்கு லீவு கிடைக்காது."

"நான் போறேன்," என்றாள் சந்திரமதி. சொன்னதுமே நம்மால் முடியுமா என்று தோன்றியது. "ஆனா என்ன சொல்றது?"

"நீ எதுக்கு?" கதவுப் பக்கத்திலிருந்து பாக்கியலட்சுமி கேட்டாள். கையில் எலுமிச்சை மணம். "என்னைத்தானே அடிச்சாரு. நான் சொல்றேன்."

கருணாகரன் எழுந்தான். "பாக்கியம், நீ அங்க..."

"வாசல்ல நிக்கிறதுக்கு நீங்க வர வேணாம்," என்றாள் அவள். குத்தலாகச் சொல்லவில்லை, உள்ளபடி சொன்னாள். அவன் உட்கார்ந்துவிட்டான்.

பிறகு அவளே, "அந்தப் படத்தைச் சரியாப் போட்டு எனக்கு ஒரு தடவை காட்டுங்க," என்றாள். "அந்தப் பொண்ணு பாடிக்கிட்டே விளக்கேத்தினாளே, அங்கேர்ந்து பார்க்கணும்."

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் போடறேன்," என்றான் கருணாகரன். "பூசாரி வர்ற நேரத்துக்கே போடறேன்."

"அவரு வந்தா?" என்றாள் சாரதாம்பாள்.

"அதுக்குத்தான் நாளைக்கே போறோம். நீங்களும் கூட வாங்க அத்தை," என்றாள் பாக்கியலட்சுமி.

சந்திரமதி டைரியை எடுத்தாள். காலையில் எழுதியதன் கீழே ஒரு வரி விட்டு எழுதினாள்:

டின்களைத் திறந்து பார்த்தேன். மூடிகள் மாறியிருந்தன, மாற்றிப் போட்டுவிட்டேன்.

நாளை வியாழன். காலை பஸ்ஸில் புக்கிட் பாரு போய், பூசாரியைப் பார்த்து, வெள்ளிக்கிழமை வர வேண்டாம் என்று சொல்ல வேண்டும். போகிறவர்கள் அம்மா, அண்ணி, நான். பேசப்போவது அண்ணி. வரும்போது உப்பு வாங்க வேண்டும்.